255 பாகைக் குளிர்

ஊரில் யாராவது, "மகள் கொழும்பில என்ன வேல செய்றா?" என்று கேட்டால் உம்மா சற்றும் தயங்காமல், "டிரைவர் எழுதுற வேல" என்று சொல்லிவிடுவார். கேட்டவர்களில் பாதிப் பேர், நான் ஏதோ பஸ் டிப்போவில் சாரதிமாரின் வரவு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டு மாமி ஒருமுறை தன் மகனுக்குக் கனரக வாகன லைசன்ஸ் எடுத்துத் தர முடியுமா என்றே கேட்டுவிட்டார்.

மலருக்குக் கட்டுரை கேட்டு டீச்சர் அழைத்தபோது, பழைய மாணவிகள் வழக்கமாக எழுதும் பாடசாலை நினைவுகளைத்தான் எழுதுவதாக இருந்தேன். எழுத உட்கார்ந்தால் வேறு ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. கடந்த சில மாதங்களாக நான் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒரு டிரைவர். அது ஒரு வெப்பமானிச் சிப்புக்கானது. அந்தச் சிப்புக்கும் எனக்கும், அதற்கும் எங்கள் உம்மும்மாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

முதலில் டிரைவர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணினியின் பணிசெயல் முறைமைக்குத் தன்னோடு பொருத்தப்பட்டிருக்கும் ஒவ்வொரு சிப்பின் பாஷையும் தெரியாது. "இப்போது வெப்பநிலை என்ன?" என்று மட்டும்தான் அதற்குக் கேட்கத் தெரியும். அந்தக் கேள்வியைச் சிப்புக்குப் புரியும்படி சொல்லி, சிப் தரும் பிட்டுகளை மனிதருக்குப் புரியும் எண்ணாக்கிக் கொடுக்கும் சிறு நிரல்தான் டிரைவர். நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் பிழைவிட்டால் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாது.

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. நான் அப்போது பல்கலைக்கழக மாணவி, வீட்டில் இருந்தேன். உம்மும்மா இன்சுலின் போடுகிறவர். பிரிக்காத இன்சுலின் போத்தலை 2 பாகைக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். கரண்ட் இல்லாத வீட்டில் பிரிட்ஜ் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் எல்லாருடைய கவலையும்.

பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறதே, சும்மா இருக்குமா? ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதனோடு எல்எம்75 என்ற வெப்பமானிச் சிப்பை நான்கு கம்பிகளால் இணைத்து, சிப்பை மட்டும் பிரிட்ஜுக்குள் இன்சுலின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். கணினி ஒரு பழைய பவர் பேங்கில் ஓடியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை ஒரு கோப்பில் எழுதும். வாப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினார்.

எல்எம்75 எளிமையான சிப். இரண்டு கம்பியில் பேசும். ஒன்று தரவுக்கு, மற்றது தாளத்துக்கு. ஐ2சி என்று அந்த முறைக்குப் பெயர். 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் கம்பனி உருவாக்கியது. சிப்புக்குள் இருப்பது நான்கே நான்கு ரெஜிஸ்டர்கள். ஒன்றில் இப்போதைய வெப்பநிலை, ஒன்றில் அமைப்புகள், மற்ற இரண்டிலும் எச்சரிக்கை எல்லைகள். வெப்பநிலை இரண்டு பைட்டாக வரும். முதல் பைட் முழுப் பாகை. இரண்டாவது பைட்டின் முதல் பிட் அரைப் பாகை. அதாவது 4, 128 என்று வந்தால் நாலரைப் பாகை. லினக்ஸில் இந்தச் சிப்புக்கு டிரைவர் ஏற்கெனவே இருந்தது. அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் சொந்தமாக எழுதினால்தானே பெருமை? நாற்பது வரியில் நானே ஒன்று எழுதினேன்.

முதல் வாரம் நன்றாக ஓடியது. கரண்ட் போனதும் எண் 5, 6, 7 என்று ஏறும், வந்ததும் இறங்கும். ஒரு நாள் காலையில் கோப்பைத் திறந்தபோது விடியற்காலை 3 மணிக்கு 255.5 என்று இருந்தது. பிறகு 255. பிறகு 254.5. எங்கள் பிரிட்ஜுக்குள் 255 பாகை! 255 என்றால் ஒரு பைட்டின் எட்டுப் பிட்டும் ஒன்று. கம்பி கழன்றால் அப்படித்தான் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். கம்பியைத் திரும்பவும் ஈயம் வைத்து ஒட்டினேன். அடுத்த இரவும் வந்தது. இந்தச் சிப்பின் மேல் எல்லை 125 பாகை என்பதால், "125ஐ விடக் கூடினால் அதைக் கோப்பில் எழுதாதே" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். கோப்பு சுத்தமாகிவிட்டது.

இந்த இடத்தில், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் தங்கைமார் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். இரண்டின் நிரப்பி! மறை எண்களைத் துவிதத்தில் எழுதும் முறை. அதில் 1111 1111 என்பது 255 அல்ல; மைனஸ் 1. பரீட்சையில் அந்தக் கணக்குக்கு முழுப் புள்ளி எடுத்தவள் நான். ஆனால் விடைத்தாளில் இருந்த இரண்டின் நிரப்பியும் எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் இருந்த 255ம் ஒன்றுதான் என்று அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை. இன்னொன்றையும் பார்த்திருக்க வேண்டும். கம்பி கழன்றால் எண் திடீரென்று குதிக்கும். இதுவோ 255.5, 255, 254.5 என்று அரை அரையாக நடந்து போயிருந்தது. பிழையான எண்ணுக்கு அவ்வளவு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

நடந்தது இதுதான். கரண்ட் வரும் சில மணித்தியாலத்தில் நன்றாகக் குளிரட்டும் என்று உம்மா பிரிட்ஜின் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தார். இரவு முழுக்கக் கரண்ட் இருந்த நாட்களில், பின்சுவரோடு ஒட்டியிருந்த இன்சுலின் பெட்டி பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கிறது. உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி இருந்தாலும், பாவிக்கக் கூடாது. அதன் வீரியத்தை நம்ப முடியாது. சூடு வந்துவிடும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த வீட்டில் குளிரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருக்கக்கூடிய ஒரே ஒன்று அந்தச் சிப். அது சரியாகத்தான் சொன்னது. அதன் வாயைப் பொத்தியவள் நான்.

உம்மும்மாவின் சீனி ஏறிக்கொண்டே போனது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கால் விரலில் இருந்த சின்னப் புண் பெரிதாகி, கடைசியில் இடது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. டொக்டர் ஒருநாளும் இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை. அது பழைய புண், சீனியும் பழைய சீனி. முடிச்சுப் போட்டது நான்தான். ஒரு காலையில் உம்மா போத்தலை எடுத்து, "இதென்ன புள்ள, உள்ளுக்குள்ள ஐஸ்?" என்று என் கையில் தந்தபோது அந்த முடிச்சு விழுந்தது. இன்னும் அவிழவில்லை.

இப்போது நான் வேலை செய்வது மருந்து, மீன் முதலியவை வைக்கும் குளிரறைகளுக்கு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில். அந்தக் கருவிகளில் ஓடுவது லினக்ஸ் அல்ல. அதைவிட மிகச் சிறிய ஒரு பணிசெயல் முறைமை. ஆகவே டிரைவர்களும் எங்களுடையவைதான். இந்த ஆண்டின் தொடக்கத்தில், புதிய கருவி ஒன்றுக்கு நான்காவது வகை வெப்பமானிச் சிப்பைச் சேர்க்கும்படி எனக்குச் சொன்னார்கள். ஏற்கெனவே மூன்று சிப்புகளுக்கு மூன்று டிரைவர் கோப்புகள் இருந்தன: எல்எம்75, டிஎம்பி102, டிஎஸ்75. திறந்து பார்த்தால், மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். யாரோ ஒருவர் முதலாவதைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றி, இரண்டாவதாக்கியிருக்கிறார். இன்னொருவர் அதையே மூன்றாவதாக்கியிருக்கிறார். நான்காவது பிரதியை எடுப்பதுதான் என் வேலை. அரை நாள் போதும்.

பிரதி எடுக்குமுன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். எல்எம்75 கோப்பில் மறை எண் சரியாகக் கையாளப்பட்டிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் யாரோ திருத்தியிருக்கிறார்கள். அந்தச் சிப் உள்ள கருவிகள் மீன் ஐஸ் அறைகளுக்குப் போனவை. அங்கே மைனஸ் என்பது அன்றாடம், ஆகவே பிழை முதல் நாளே தெரிந்திருக்கும். டிஎஸ்75 கோப்பு அந்தத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்த பிரதி; அதுவும் சரி. டிஎம்பி102 கோப்பு திருத்தத்துக்கு முன் எடுத்த பிரதி. அதில் முதல் பைட்டை 0 முதல் 255 வரையான எண்ணாகவே எடுத்து, 125ஐத் தாண்டினால் "சென்சர் பழுது" என்று அனுப்பும் வரி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "வயர் லூசாக இருக்கலாம்".

கதிரையில் இருந்து எழும்பி வெளியே போய் நின்றேன். நான் எழுதிய அதே வரி. எழுதியவர் நான் அல்ல, அவரை நான் கண்டதும் இல்லை.

டிஎம்பி102 உள்ள கருவிகள் எங்கே போயிருந்தன என்று கேட்டேன். மருந்துப் பிரிட்ஜுகளுக்கு. அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆகவே போகாது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பிழை யார் கண்ணிலும் படவில்லை. உறைந்தால் கெட்டுப்போகும் பொருள் இருக்கும் இடத்தில்தான் உறைவதைச் சொல்லத் தெரியாத டிரைவர் இருந்தது. பழுது பார்க்கும் புத்தகத்தைப் புரட்டினேன். "சென்சர் பழுது — கம்பி மாற்றப்பட்டது" என்று சில இடங்களில் எழுதியிருந்தது.

எங்கள் மூத்த பொறியியலாளர் கெட்டிக்காரர். முழுவதையும் ஒரே டிரைவராக்கித் துப்புரவு செய்யப்போகிறேன் என்றதும், "ஓடுற வண்டிய ஏன் தங்கச்சி கழட்டுறீங்க?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. துப்புரவு செய்கிறேன் என்று புறப்பட்டு நன்றாக இருந்ததை உடைத்தவர்கள் எங்கள் துறையில் ஏராளம். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். மறை எண் பிழையைத் திருத்தியது, பெயர்களை மாற்றியது, மூன்று கோப்பை ஒன்றாக்கியது எல்லாவற்றையும் ஒரே மாற்றமாகக் கட்டி அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். லினக்ஸ் பக்கம் பார், அங்கே ஒரு மாற்றம் என்றால் ஒரு காரியம்தான் இருக்க வேண்டும் என்றார். கோபம் வந்தது. இரவு யோசித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. பிழைத்திருத்தம் இரண்டே வரி. அதை நாளைக்கே எல்லாக் கருவிக்கும் அனுப்பலாம். துப்புரவோ பல வாரம். அவசரமானதை அவசரமில்லாததோடு கட்டி வைத்தால் இரண்டும் ஒன்றாகக் காத்திருக்கும்.

திருத்தத்தைச் சோதிக்க வேண்டும். கொழும்பில் மைனஸ் வெப்பநிலைக்கு எங்கே போவது? கடையில் ஐஸ் கட்டி வாங்கிவந்து உடைத்து, ஒப்பீஸ் குசினியில் இருந்த உப்பைக் கொட்டிக் கலக்கினேன். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் அது பூச்சியத்துக்கும் கீழே போகும். பழைய காலத்தில் ஐஸ்கிரீம் செய்தது இப்படித்தான். சிப்பைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே விட்டேன். பழைய டிரைவர்: 2, 1, 0.5, 0, பிறகு "சென்சர் பழுது". புதியது: 0, மைனஸ் 0.5, மைனஸ் 1, மைனஸ் 3... மைனஸ் 9 வரை இறங்கி நின்றது. தேத்தண்ணி ஊற்ற வந்தவர்கள், குசினி உப்பை முடித்துவிட்டேன் என்று திட்டினார்கள். நான் அந்த மைனஸ் அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் துப்புரவு. அதில் எனக்குக் கிடைத்த சந்தோசத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்று கோப்பிலும் மூன்று விதமான கணக்கு இருந்தது. எல்எம்75 ஒன்பது பிட், அரைப் பாகைப் படி. டிஎம்பி102 பன்னிரண்டு பிட், ஒரு பாகையில் 16இல் ஒரு பங்கு. போதாக்குறைக்கு எல்எம்75ஏ என்று ஒரே பெயரில் இரண்டு கம்பனியின் சிப்புகள் உண்டு; ஒன்று ஒன்பது பிட், மற்றது பதினொரு பிட். வகுப்பில் இரண்டு பாத்திமா இருந்தால் டீச்சர் படும் பாடுதான். ஆனால் தரவுத் தாள்களைக் கவனித்துப் பார்த்தால், எல்லாமே தங்கள் பிட்டுகளை 16 பிட் பெட்டியின் இடது கரையோடு ஒட்டித்தான் வைக்கின்றன. எத்தனை பிட் என்றாலும் முதல் பைட் முழுப் பாகைதான். ஆகவே அந்தப் 16 பிட்டையும் அடையாளத்துடன் கூடிய ஒரே எண்ணாக எடுத்து 256ஆல் வகுத்தால் போதும். மூன்று கணக்கும் ஒரு கணக்காகிவிட்டது. டிஎம்பி102இல் 13 பிட் நிலை ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் இது பொருந்தாது. நாங்கள் அதைப் பாவிப்பதில்லை என்று கோப்பின் தலையில் எழுதிவைத்தேன். லினக்ஸின் எல்எம்75 டிரைவரும் பல கம்பனிகளின் சிப்புகளை ஒரே கோப்பில் வைத்து, சிப்புக்குச் சிப் மாறுவதை மட்டும் அட்டவணையில் வைத்திருக்கிறது. 2022இல் நான் திறந்துகூடப் பார்க்காத அதே கோப்பு.

இன்னொரு பழைய பிழையும் வெளியே வந்தது. எச்சரிக்கை எல்லையாக யாராவது தவறுதலாக 200 பாகை என்று கொடுத்தால், 200ஐ 256ஆல் பெருக்கினால் 51,200. அடையாளமுள்ள 16 பிட்டில் 32,767க்கு மேல் இடமில்லை. அது சுற்றிவந்து மைனஸ் 56 பாகையாகிவிடும். எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கும். இப்போது எந்த எண் கொடுத்தாலும் மைனஸ் 55க்கும் 125க்கும் இடையில் பிடித்து நிறுத்துகிறோம்.

எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். டிஎஸ்75 கோப்பில், சிப்பை விழிக்கச் செய்த பிறகு ஒன்றரை விநாடி சும்மா காத்திருக்கும் வரி ஒன்று இருந்தது. எல்எம்75க்கு ஒருமுறை அளக்கப் பத்தில் ஒரு விநாடி அளவுதான் தேவை. எதற்கு இந்தச் சோம்பல் என்று அந்த வரியைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, டிஎஸ்75 உள்ள கருவி ஒவ்வொரு தடவையும் முந்திய வெப்பநிலையையே சொல்கிறது என்று தெரிந்தது. அந்தச் சிப் பன்னிரண்டு பிட்டில் அளக்க ஒரு விநாடிக்கும் மேலே எடுக்கும். அந்த வரியை எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது, காரணத்தை எழுதிவைக்கத்தான் தோன்றவில்லை. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் என் மேசைக்கு வந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அட்டவணையில் "காத்திருக்கும் நேரம்" என்று ஒரு நிரல் கூடியது. நான்காவது சிப் வந்தபோது சேர்க்க வேண்டியிருந்தது ஒரு வரி மட்டும்.

போன நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது பழைய ராஸ்பெரி பையைத் தேடி எடுத்து, என் நாற்பது வரியை அழித்து, லினக்ஸில் உள்ள டிரைவரையே போட்டேன். அது ஆயிரத்தில் ஒரு பாகைக் கணக்கில் சொல்லும். உம்மாவுக்காக அதைப் பாகையாக்கி, பிரிட்ஜ் கதவில் ஒரு சிறு திரையில் தெரியும்படி வைத்தேன். எண் 2க்குக் கீழே போனாலும் 8க்கு மேலே போனாலும் கத்தும். உம்மும்மா கட்டிலில் இருந்தபடியே, "அது என்னத்துக்கு மகள் கத்துது?" என்று கேட்டார். நான் சோதிப்பதற்காகச் சிப்பை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தேன். "குளிருதாம் உம்மும்மா" என்றேன். "அதுக்கும் குளிருமா?" என்று சிரித்தார். விரல் விசயம் நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று இரவும் வழக்கம்போல அழைத்தேன்.

"உம்மா, கதவுல எத்தின காட்டுது?"

"இரி, கண்ணாடியப் போட்டுட்டு வாறன்... நாலு, புள்ளி, அஞ்சு. உம்மும்மாக்குக் குளிர்தண்ணி வேணுமாம். கதவத் தொறக்கலாமா, இல்ல, கத்துமா?"

"தொறங்க உம்மா, கத்தாது."